அறிவியல் கார்ட்டூன் எபிசோடுக்கு விமர்சனம் எழுதுவது எப்படி? வடசென்னையிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் அனிமேஷன் தொடர் பார்க்காத பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பார்த்ததைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். அதையே எழுதித் தா என்றால் மட்டும் பேனா ஒரே தடத்தில் போகிறது. முதலில் இவன் வந்தான், அப்புறம் அந்த ரோபோ வந்தது, கடைசியில் எல்லாரும் தப்பித்தார்கள், செம எபிசோடு, கண்டிப்பாகப் பாருங்கள். இதில் கதை இருக்கிறது, விமர்சனத்தைக் காணோம்.

அறிவியல் புனைகதையை விமர்சிப்பதில் ஒரு வசதி உண்டு. குடும்பக் கதையிலோ காதல் கதையிலோ எங்கே பிடிப்பது என்று தெரியாமல் தவிக்கலாம். இங்கே கைப்பிடி கதையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு எபிசோடும் நம்மிடம் ஒரு விதியை ஒப்புக்கொள்ளச் சொல்லும். ‘இந்தக் கடிகாரத்தைத் திருகினால் வேற்றுக்கிரகவாசியாக மாறலாம்’, ‘இந்த இயந்திரத்தில் உட்கார்ந்தால் மனங்கள் இடம் மாறும்’ என்ற மாதிரி. நாமும் சரி என்று ஒப்புக்கொண்டுதான் பார்க்கிறோம். அந்த விதி என்ன, எபிசோடு அதற்கு நேர்மையாக நடந்துகொண்டதா, அந்த விதியால் பாத்திரங்கள் எதை இழந்தார்கள் அல்லது எதைத் தெரிந்துகொண்டார்கள். விமர்சகர் பார்க்க வேண்டியது இந்த மூன்றைத்தான். மற்றதெல்லாம் இவற்றுக்குத் துணை.

வெறுமனே சொன்னால் பிடிபடாது என்பதால், ஒரே ஒரு எபிசோடை எடுத்துக்கொண்டு கடைசிவரை போவோம். ‘ஃபியூச்சராமா’ தொடரில் ‘தி பிரிசனர் ஆஃப் பெண்டா’. மேட் கிரோனிங் உருவாக்கி, டேவிட் எக்ஸ். கோஹனோடு சேர்ந்து வளர்த்த தொடர் இது. 1999 மார்ச்சில் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கி 2003இல் நின்றது. 2010இல் காமெடி சென்ட்ரலில் மறுபடி உயிர் பெற்று 2013 வரை ஓடியது. 2023இல் ஹுலுவில் இன்னொரு முறை எழுந்தது. பீட்சா கொடுக்கப் போன ஃப்ரை என்ற பையன் 1999 டிசம்பர் 31 நள்ளிரவில் உறைந்துபோய், ஆயிரம் ஆண்டு கழித்துக் கண் விழிக்கிறான். தொடர் இவ்வளவுதான். நான் சொல்லும் எபிசோடு 2010 ஆகஸ்ட் 19 அன்று ஒளிபரப்பானது. கார்ட்டூன்தானே என்று சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்க்க வேண்டாம். பெரியவர்களுக்கான கிண்டல் நிறைய உண்டு.

முதல் படி: ஒரே எபிசோடைத் தேர்ந்தெடுங்கள், தனியாக நிற்பதாக

முழு சீசனுக்கும் விமர்சனம் எழுத வேண்டும் என்ற ஆசையை முதலில் தள்ளி வையுங்கள். சீசனைப் பற்றி எழுதும்போது ‘முதல் பாதி விறுவிறுப்பு, பின்பாதி தொய்வு’ என்பதற்கு மேல் போக இடம் கிடைப்பதில்லை. ஒரே எபிசோடு என்றால் ஒரு காட்சியின் முன் நின்று பார்க்கலாம்.

தனியாக நிற்கும் எபிசோடு என்றால் முன்கதை தெரியாதவருக்கும் புரிவது. முந்தைய பத்து எபிசோடையும் பார்த்தால்தான் புரியும் என்ற ரகத்தைத் தொடக்கத்தில் எடுத்தால், உங்கள் கட்டுரையில் பாதி முன்கதைச் சுருக்கத்திலேயே போய்விடும்.

உங்களுக்கு ரொம்பப் பிடித்த எபிசோடையும் முதல் முறை எடுக்காதீர்கள். பாதி பிடித்து, பாதி உறுத்தியதை எடுங்கள். அந்த உறுத்தலில்தான் எழுத விஷயம் கிடைக்கும்.

இரண்டாம் படி: முதல் முறை பார்க்கும்போது பேனா வேண்டாம்

முதல் பார்வை ரசிகருக்கு உரியது. சிரிப்பு வந்தால் சிரியுங்கள். போன் திரையில் பார்ப்பதாக இருந்தால் இயர்போன் கட்டாயம். திருவொற்றியூர் நெடுஞ்சாலைப் பக்கம் வீடு இருப்பவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கன்டெய்னர் லாரி ஒன்று போனால் ஒரு வசனம் போச்சு. கார்ட்டூனில் பாதி நகைச்சுவை பின்னணியில் முணுமுணுக்கப்படுவது, அதை விட்டுவிட்டால் எபிசோடு மொக்கையாகத் தெரியும், பழி எழுதியவர்மேல் விழும்.

ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்ப்பதையும் நிறுத்துங்கள். ஒரு வசனத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே விடும் அரை விநாடி மௌனம் கூட யாரோ யோசித்து வைத்தது.

முடிந்ததும் போனைக் கீழே வைத்துவிட்டு, மனதில் நிற்கும் இரண்டு மூன்று காட்சிகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை பார்த்தபின் உங்கள் அபிப்பிராயம் மாறலாம். அப்போது இந்தக் குறிப்பு கையில் இருக்க வேண்டும்.

மூன்றாம் படி: விதியை ஒரே வரியில் எழுதுங்கள்

கதைச் சுருக்கம் வேறு, விதி வேறு. கதைச் சுருக்கத்தில் ஆட்கள் இருப்பார்கள், விதியில் ‘இப்படிச் செய்தால் இப்படி ஆகும், ஆனால்’ என்று ஒரு ஆனால் இருக்கும். அந்த ஆனாலைக் கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை.

‘பென் 10’ பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். கடிகாரத்தை அமுக்கினால் வேறு உயிராக மாறலாம், ஆனால் கொஞ்ச நேரத்தில் அது தானாக அணைந்துவிடும். தொடரின் பதற்றம் முழுக்க அந்த ஆனாலில் இருக்கிறது. சண்டை சூடு பிடிக்கும்போது கடிகாரம் அணைந்தால் நியாயம். கதாநாயகன் ஜெயிக்கும்வரை பொறுத்திருந்து அணைந்தால் அது எழுதியவரின் வசதி. இந்த வித்தியாசத்தைப் பிடித்து ஒரு எபிசோடைப் பற்றி இரண்டு பத்தி எழுதினாலே, கதை சொல்லும் கட்டுரையிலிருந்து நீங்கள் வெளியே வந்துவிட்டீர்கள்.

நம் எபிசோடின் விதி இது: இயந்திரத்தில் இரண்டு பேர் உட்கார்ந்தால் மனங்கள் உடல் மாறிக்கொள்ளும், ஆனால் ஒருமுறை மாறிக்கொண்ட அதே இரண்டு உடல்கள் மறுபடி நேராக மாறிக்கொள்ள முடியாது. கிழட்டு விஞ்ஞானி பேராசிரியர் ஃபார்ன்ஸ்வொர்த்துக்கு இளமை வேண்டும். அவரிடம் வேலை பார்க்கும் ஏமிக்கு உடம்பு ஏறும் கவலையில்லாமல் வயிறாரச் சாப்பிட வேண்டும். இருவரும் மாறிக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகுதான் திரும்பி வர வழியில்லை என்பது தெரிகிறது. வேறு ஆட்கள் மூலம் சுற்றி வரலாமே என்ற பேச்சு எழ, ஆளுக்கொரு காரணத்தோடு ஒருவர் பின் ஒருவராக உள்ளே வருகிறார்கள். ஒற்றைக்கண் கேப்டன் லீலா, ரோபோ பெண்டர், ஃப்ரை, இறால் மாதிரி இருக்கும் டாக்டர் சாய்ட்பர்க், அலுவலகத்து ஹெர்மிஸ், ஒரு ரோபோ சக்கரவர்த்தி, தரை துடைக்கும் ஒரு ரோபோ வாளி. மொத்தம் 9 உடல்கள், 7 மாற்றங்கள். யார் எதில் இருக்கிறார் என்று தலை சுற்றும்.

நான்காம் படி: இரண்டாம் பார்வை, கையில் நோட்டு

இந்த முறை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஒரு பக்கத்தில் நிமிடம், எதிரே என்ன நடந்தது. விளம்பர இடைவெளியோடு அரை மணி நேரத்தை நிரப்பும் தொடர்களின் எபிசோடு பெரும்பாலும் 22 நிமிடம்தான் ஓடும். அதனால் இது பெரிய வேலை இல்லை. விதி எந்த நிமிடத்தில் சொல்லப்படுகிறது என்று குறியுங்கள். நல்ல எபிசோடு அதை முதல் சில நிமிடங்களுக்குள் சொல்லிவிடும். முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் புது விதி ஒன்றைச் சொருகினால் அடிக்கோடிட்டு வையுங்கள், உங்கள் விமர்சனத்தின் முக்கியக் குற்றச்சாட்டு அதுவாக இருக்கலாம்.

விளம்பரம் வரவேண்டிய இடங்களையும் கவனியுங்கள். திரை சட்டென்று கறுத்துத் திரும்பும் இடம் அது. அதற்கு முந்தைய நொடியில் ஒரு கொக்கி போட்டிருப்பார்கள். அந்தக் கொக்கி விதியிலிருந்து பிறந்ததா, சும்மா வெடிச்சத்தமா?

உடல் மாற்றக் கதைக்கு இன்னொரு பக்கத்தில் அட்டவணை போட்டே ஆகவேண்டும். இடதுபுறம் உடல்கள், வலதுபுறம் இப்போது உள்ளே இருப்பவர். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அடித்துத் திருத்துங்கள். எரிச்சலாக இருக்கும். அப்படியும் போடுங்கள், அடுத்த படிக்கு இது வேண்டும்.

ஐந்தாம் படி: விதியைச் சோதியுங்கள்

பெரும்பாலான விமர்சனங்கள் தாண்டிக் குதித்துவிடும் படி இது. அறிவியல் சரியா என்று பார்ப்பதாக நினைத்து, ‘மனத்தை இடம் மாற்றவே முடியாது, எனவே லாஜிக் இல்லை’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது சோதனை ஆகாது. விதியை ஒப்புக்கொண்டாயிற்று. ஒப்புக்கொண்டபின் எழும் கேள்வி ஒன்றுதான்: உன் விதிப்படியே நீ சொன்ன முடிவு வருமா?

இந்த எபிசோடின் முடிவில் கூடைப்பந்து வீரர்கள் இருவர் வந்து கணக்குப் போட்டு எல்லாரையும் அவரவர் உடலில் சேர்க்கிறார்கள். எத்தனை பேர் எப்படிக் குழம்பியிருந்தாலும், இதுவரை இயந்திரத்தைத் தொடாத இரண்டு புதியவர்கள் இருந்தால் போதும், அத்தனை பேரையும் சரிசெய்யலாம் என்கிறார்கள். பலகையில் நிரூபணமும் எழுதிக் காட்டுகிறார்கள். எழுதியவர் கென் கீலர், ஹார்வர்டில் பயன்பாட்டுக் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். இந்தக் கதைக்காகவே அந்தத் தேற்றத்தை நிரூபித்தார். எபிசோடுக்கு அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தின் அனிமேஷன் விருதும் கிடைத்தது. சரி, விருது கிடைத்தது என்பதற்காக நம்பிவிட வேண்டுமா? நாமே போட்டுப் பார்த்துவிடுவோம்.

காசிமேட்டில் மீன் விற்கும் அக்காவும் ஒரு ஆட்டோ அண்ணனும் அந்த இயந்திரத்தில் உட்கார்ந்து எழுந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் உடம்பில் அக்கா மனசு, அக்கா உடம்பில் அண்ணன் மனசு. நேராகத் திரும்ப முடியாது. வியாசர்பாடியிலிருந்து புதிதாக இரண்டு ஃபுட்பால் பையன்கள் வருகிறார்கள், ஒருவன் கோல்கீப்பர், ஒருவன் ஃபார்வர்டு.

முதலில் அண்ணன் உடம்பையும் கோல்கீப்பர் உடம்பையும் உட்காரவையுங்கள். இப்போது அண்ணன் உடம்பில் கோல்கீப்பர் மனசு, கோல்கீப்பர் உடம்பில் அக்கா மனசு. அடுத்து அக்கா உடம்பும் ஃபார்வர்டு உடம்பும். அக்கா உடம்பில் ஃபார்வர்டு மனசு வந்துவிடும், ஃபார்வர்டு உடம்பில் அண்ணன் மனசு போய்விடும். மூன்றாவதாக அண்ணன் உடம்பும் ஃபார்வர்டு உடம்பும் உட்கார்ந்தால் அண்ணன் தன் உடம்புக்கு வந்தாயிற்று. ஃபார்வர்டு உடம்பில் இருப்பது கோல்கீப்பர். நான்காவது, அக்கா உடம்பும் கோல்கீப்பர் உடம்பும். அக்காவும் வீடு திரும்பிவிட்டார். மிச்சம் இரண்டு பையன்கள், ஒருவன் உடம்பில் இன்னொருவன். அவர்கள் இருவரும் இதுவரை நேராக மாறிக்கொள்ளவே இல்லை என்பதால் ஐந்தாவது மாற்றத்தில் முடிந்தது கதை. ஐந்து மாற்றங்களில் எந்த ஜோடியும் இரண்டு தடவை உட்காரவில்லை.

இரண்டு பேர் எதற்கு, ஒரு பையன் போதாதா? கோல்கீப்பர் மட்டும் இருந்தால் அண்ணனோடு ஒருமுறை, அக்காவோடு ஒருமுறை, அவ்வளவுதான் உட்கார முடியும். அந்த இரண்டும் முடிந்ததும் ஒருவர் தன் உடம்புக்கு வந்திருப்பார், மற்றவரும் பையனும் மாட்டிக்கொண்டிருப்பார்கள். காகிதத்தில் போட்டுப் பாருங்கள். எபிசோடு இரண்டு பேரைக் கொண்டுவந்தது அலங்காரத்துக்கு அல்ல, விதி அப்படிக் கேட்கிறது.

எபிசோடில் ஃப்ரையும் சாய்ட்பர்க்கும் தங்களுக்குள் மட்டும் மாறிக்கொண்ட ஜோடி, நம் அண்ணனும் அக்காவும் மாதிரி. மீதி ஏழு பேரும் ஒரே வளையமாகச் சிக்கியிருக்கிறார்கள். எல்லாரையும் விடுவிக்க 13 மாற்றங்கள் ஆகின்றன. உங்கள் அட்டவணையை வைத்து அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திச் சரிபார்க்கலாம்.

இப்படிச் சோதித்தபின் ‘முடிவு ஏமாற்று அல்ல’ என்று நீங்கள் எழுதும் வாக்கியத்துக்கு எடை வரும். எல்லா எபிசோடிலும் கணக்கு இருக்காது. காலப்பயணக் கதை என்றால் யாருக்கு எப்போது எது தெரியும் என்று கோடு போட்டுப் பாருங்கள். நினைவு அழிக்கும் கதை என்றால், அழிந்ததாகச் சொன்னதை அந்தப் பாத்திரம் பிறகு எங்காவது பயன்படுத்திவிடுகிறதா என்று தேடுங்கள்.

ஆறாம் படி: அந்த விதி யாரைக் கடித்தது?

கணக்கு சரியாக வந்துவிட்டால் மட்டும் எபிசோடு நல்லதாகிவிடாது. விடுகதையும் சரியாகத்தான் இருக்கும், அதை யாரும் நினைத்து நினைத்து ரசிப்பதில்லை.

லீலாவுக்கு ஒரு சந்தேகம் வருகிறது. ஃப்ரைக்குத் தன்னைப் பிடித்திருக்கிறதா, தன் அழகைப் பிடித்திருக்கிறதா? அவள் பேராசிரியரின் சுருக்கம் விழுந்த உடலிலேயே இருந்துகொள்கிறாள். ஃப்ரையும் விடவில்லை, சாய்ட்பர்க்கின் உடலில் நுழைந்து வந்து நிற்கிறான். யார் முதலில் முகம் சுளிப்பது என்று ஒரு போட்டி. கடைசியில் அந்த இரண்டு கோரமான உடல்களும் முத்தமிட்டுக்கொள்கின்றன. பார்ப்பவருக்குக் குமட்டலும் சிரிப்பும் சேர்ந்து வரும், நடுவில் சின்ன நெகிழ்ச்சியும். தேற்றம் அவர்களை அவரவர் உடலுக்குத் திருப்புவதற்கு முன்பே அவர்களுடைய பிரச்சினை தீர்ந்துவிட்டது. எபிசோடின் உண்மையான சாமர்த்தியம் எனக்கு இங்கேதான் தெரிகிறது, பலகையில் அல்ல. நிறையப் பேர் தேற்றத்தைக் கொண்டாடிவிட்டு இந்தக் காட்சியை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

குறையையும் இதே அளவுகோலால் சொல்லலாம். ரோபோ சக்கரவர்த்தி கதையில் விதி யாரையும் கடிக்கவில்லை. அரசன் உடம்பில் திருடன் பெண்டர், அவ்வளவுதான். ஓட்டமும் அடிதடியுமாக முடிகிறது. ஹெர்மிஸ் இந்தக் கூட்டத்தில் எதற்கு என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை, வளையத்தை நீட்டுவதற்கு ஒரு ஆள் தேவைப்பட்டது போல.

ஏழாம் படி: காதும் கண்ணும்

அனிமேஷனில் எதுவும் தற்செயலாக நடப்பதில்லை. நடிகர் தும்மினால் கேமராவில் விழுந்துவிடும். கார்ட்டூனில் தும்மல் வேண்டுமென்றால் ஒருவர் உட்கார்ந்து வரைய வேண்டும். அதனால் ‘இதை ஏன் இப்படி வரைந்தார்கள்’ என்ற கேள்வியை எந்தக் காட்சியிலும் கேட்கலாம், பதில் இருக்கும்.

நொடிக்கு 24 பிரேம் என்றாலும் ஒவ்வொரு பிரேமுக்கும் புதுப் படம் வரைவதில்லை. ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு வைத்தால் நொடிக்கு 12 படம் போதும், இன்னும் சிக்கனம் பார்க்கிறவர்களும் உண்டு. எந்தக் காட்சியில் அசைவு திடீரென்று வழுவழுப்பாகிறது என்று பாருங்கள், பணத்தையும் உழைப்பையும் எங்கே கொட்டினார்கள் என்று தெரிந்துவிடும். ‘ஃபியூச்சராமா’வை வரைந்து தருவது ரஃப் டிராஃப்ட் ஸ்டூடியோ. ஆட்கள் தட்டையான ஓவியம். விண்கலம் திரும்பும்போது மட்டும் கம்ப்யூட்டரில் செய்த முப்பரிமாணம், ஓவியம் போலவே தெரியும்படி.

குரல்தான் இந்த எபிசோடில் விருந்து. மனசு மாறினாலும் குரல் உடலோடு தங்கிவிடுகிறது. அப்படியானால் ஏமிக்குக் குரல் கொடுக்கும் லாரன் டாம், தன் குரலிலேயே பேராசிரியரின் கிழட்டுத் தோரணையைக் கொண்டுவர வேண்டும். இன்னும் ஒன்று சொல்கிறேன். ஃப்ரை, பேராசிரியர், சாய்ட்பர்க் மூவருக்கும் குரல் பில்லி வெஸ்ட் என்ற ஒரே ஆள். சாய்ட்பர்க் உடலில் ஃப்ரையும் பேராசிரியர் உடலில் லீலாவும் உட்கார்ந்து காதல் பேசும் காட்சியில் ஒரே மனிதர் தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கிறார். இது தெரிந்தபின் அந்தக் காட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். குரல் கொடுத்தவர்களின் பெயர் கடைசியில் ஓடும் பட்டியலில் இருக்கும். அதை ஓடவிடாமல் போனை அணைக்கிற பழக்கம் விமர்சகருக்கு ஆகாது.

தமிழ் டப்பிங்கில் பார்த்தால் அதையும் எழுதுங்கள். அங்கே வேலை செய்தது இன்னொரு கலைஞர், அவருடைய தேர்வுகள் வேறு.

எட்டாம் படி: நம் ஊரைக் கொண்டுவாருங்கள், இழுத்துக்கொண்டு வராதீர்கள்

வெளிநாட்டு விமர்சனங்களைப் படித்துவிட்டு அதே மாதிரி எழுதினால் உங்கள் கட்டுரை எதற்கு? நமக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியாது. கூடுவிட்டுக் கூடு பாய்வது நமக்குப் பழைய சரக்கு. இறந்து கிடந்த இடையன் மூலனைச் சுற்றி மாடுகள் கதற, இரக்கப்பட்டு அந்த உடலில் புகுந்த சித்தர் திரும்பி வந்து பார்த்தபோது தன் உடலைக் காணவில்லை, மூலன் உடலிலேயே திருமூலராகத் தங்கிவிட்டார் என்பது கதை. ‘திரும்பிப் போக வழியில்லை’ என்ற ஆனால் அங்கேயே இருக்கிறது. திருமூலர் அதை ஏற்றுக்கொண்டு பாட உட்கார்ந்தார், பேராசிரியர் ரோபோ சர்க்கஸுக்குப் போனார். இந்த வித்தியாசத்தை வைத்து ஒரு பத்தி எழுதலாம்.

எபிசோடின் பெயரே ஆன்டனி ஹோப் எழுதிய ‘தி பிரிசனர் ஆஃப் செண்டா’ நாவலைக் கிண்டல் செய்வது. அரசனுக்குப் பதில் அவனைப் போலவே இருக்கும் ஒருவன் சிம்மாசனத்தில் உட்காரும் கதை. எம்.ஜி.ஆர். 1958இல் எடுத்த ‘நாடோடி மன்னன்’ படத்தில் அதன் சாயலைப் பார்க்கலாம். ரோபோ சக்கரவர்த்தி பகுதி எனக்குச் சப்பென்று இருந்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். அந்தக் கதையில் நாடோடி அரியணையில் உட்கார்ந்தால் சட்டம் போடுவான், பெண்டர் உட்கார்ந்தால் சாப்பாடும் சொகுசும்தான் கேட்கிறான்.

சில எபிசோடுகள் நம் வாசலுக்கே வந்து நிற்கும். இதே தொடரின் முதல் சீசனில் ‘எ பிக் பீஸ் ஆஃப் கார்பேஜ்’ என்று ஒன்று, 1999இல் வந்தது. குப்பை சேர்ந்து சேர்ந்து வைக்க இடமில்லாமல் நியூயார்க்காரர்கள் அதைப் பெரிய பந்தாக உருட்டி விண்வெளிக்கு அனுப்பிவிட்டார்கள். நூற்றாண்டுகள் கழித்து அந்தப் பந்து ஊர்மேலேயே விழ வருகிறது. அதைத் திருப்பியடிக்க இன்னொரு குப்பைப் பந்து செய்து ஏவுகிறார்கள். அதுவும் ஒருநாள் திரும்பி வருமே என்றால், வரட்டும், அது நம் கவலை இல்லை என்று சந்தோஷமாகக் கலைகிறார்கள். சென்னையின் வடபாதிக் குப்பை வந்து குவியும் கொடுங்கையூருக்குப் பக்கத்தில் வளர்ந்தவர் இதைப் பார்க்கும்போது, அவர் சிரிக்கும் இடம் வேறாக இருக்கும். 2017 ஜனவரியில் எண்ணூர் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியபோது, அதை வாளியால் அள்ளியதைப் பார்த்தவருக்கும் அப்படித்தான். அந்தச் சிரிப்பை எழுதுங்கள். அது உங்களால் மட்டும் எழுத முடிந்தது.

ஆனால் எதைப் பார்த்தாலும் புகைக்கூண்டு, எதைப் பார்த்தாலும் கானா என்று கொண்டுவந்து கட்டாதீர்கள். எபிசோடு கேட்டால் ஊர் வரட்டும். உடல் மாற்ற எபிசோடுக்குக் கொடுங்கையூர் தேவையில்லை.

ஒன்பதாம் படி: எழுதுவது

கதைக்கு நான்கைந்து வரி போதும். அந்த வரிகளில் விதி இருக்க வேண்டும், முடிவு இருக்கக் கூடாது. முடிவைப் பேசாமல் வாதம் நகராது என்றால், ‘இதற்கு மேல் பார்த்தவர்கள் மட்டும்’ என்று ஒரு வரி போட்டுவிட்டுப் பேசுங்கள். இந்த வழிகாட்டியே அப்படிப் பார்த்தால் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டது, ஆனால் பாடம் நடத்துவதற்கு வேறு வழியில்லை.

முதல் வாக்கியத்தில் தொடரின் வரலாறு வேண்டாம். ‘மேட் கிரோனிங் உருவாக்கிய புகழ்பெற்ற அனிமேஷன் தொடரான’ என்று தொடங்கினால் படிப்பவர் அடுத்ததுக்குப் போய்விடுவார். எபிசோடுக்குள்ளேயே குதியுங்கள். ‘காதலியின் மனசு ஒரு கிழவர் உடம்பில் இருந்தால் முத்தம் கொடுப்பாயா என்று ஒரு கார்ட்டூன் கேட்கிறது, பதிலை நேர்மையாகவும் சொல்கிறது’ என்ற மாதிரி. வரலாறு மூன்றாவது பத்தியில் இரண்டு வரியாக வரலாம்.

உங்கள் தீர்ப்பு கட்டுரையின் பாதிக்கு முன்பே தெரிந்துவிட வேண்டும். கடைசிவரை ஒளித்துவைக்க இது துப்பறியும் கதை இல்லை. நன்றாக இருந்தது, சுமாராக இருந்தது என்பதோடு நிற்காமல் எந்த நிமிடத்தில், எதனால் என்று சொல்லுங்கள். நோட்டில் நேரம் குறித்தது இதற்குத்தான். நட்சத்திர மதிப்பெண் போடுவது உங்கள் இஷ்டம், எனக்கு உடன்பாடு இல்லை. ஐந்துக்கு மூன்றரை என்று போட்டுவிட்டால் கட்டுரையை யாரும் படிப்பதில்லை, எண்ணைப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வருவார்கள்.

பெயர்களை ஒரே மாதிரி எழுதுங்கள். முதல் பத்தியில் சாய்ட்பர்க், நான்காம் பத்தியில் ஜாய்ட்பெர்க் என்றால் இரண்டு பேர் என்று நினைத்துவிடுவார்கள், அதுவும் உடல் மாற்றக் கதையில்.

பத்தாம் படி: பார்க்காதவரிடம் படித்துக் காட்டுங்கள்

தொடரே தெரியாத ஒருவரைப் பிடியுங்கள். பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவன் எனக்கு இந்த வேலையைச் செய்கிறான். கேட்டு முடித்ததும் அவன் பேசுவது பெரும்பாலும் இரண்டு விதம். “அண்ணே, கதை மொத்தமும் சொல்லிட்டீங்க, இனிமே நான் எதுக்குப் பார்க்கணும்?” என்றால் கதையை வெட்ட வேண்டும். “சரிண்ணே, உனக்குப் புடிச்சுதா இல்லையா, அதச் சொல்லு” என்றால் தீர்ப்பு எங்கோ புதைந்து கிடக்கிறது, தோண்டி மேலே கொண்டுவர வேண்டும். அவன் நடுவில் நிறுத்தி, “அந்த ரெண்டு பேர் எதுக்கு, ஒருத்தன் பத்தாதா?” என்று கேட்டால் அந்தப் பத்தியைத் தொடாதீர்கள், நன்றாக வந்திருக்கிறது.

அனுப்புவதற்கு முன் ஒளிபரப்பான தேதி, எழுதியவர், இயக்குநர், குரல் கொடுத்தவர் எல்லாவற்றையும் எபிசோடின் முடிவுப் பட்டியலோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். எபிசோடு எண்ணில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். தயாரித்த வரிசை ஒன்றாகவும் ஒளிபரப்பிய வரிசை வேறாகவும் இருப்பது அனிமேஷன் தொடர்களில் சகஜம், ‘ஃபியூச்சராமா’விலும் சீசன் கணக்கே இடத்துக்கு இடம் மாறும். எண்ணை மட்டும் போட்டால் படிப்பவர் வேறு எபிசோடைப் பார்த்துவிட்டு வந்து உங்களைத் திட்டுவார். பெயரையும் ஒளிபரப்பான ஆண்டையும் சேர்த்தே போடுங்கள்.